அப்பாவின் கம்மீஸும் வார்ஃபரின் குளிசையும்

வாசகர் கேள்வி:
கனடாவில், ஒன்ராறியோவின் ஸ்காபரோவில் எங்களுடன் இருக்கும் அப்பாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, இரவில் தூக்கம் இல்லை. நண்பர் ஒருவர் கொடுத்த கஞ்சா கம்மீஸை (கஞ்சா கலந்த மெல்லும் இனிப்பு) நான்கு மாதமாகத் தினமும் இரவில் சாப்பிடுகிறார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததற்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், பிரஷருக்கு அம்லோடிபின், புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்கிறார். சில இரவுகளில் லோராசெபாம் என்ற தூக்கக் குளிசையும் போடுவார். மூன்று கிழமைக்கு முன் ஓர் இரவு, ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றும் சாப்பிட்டிருக்கிறார். விடியற்காலை குளியலறையில் விழுந்து கிடந்தார். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பேசினார். தலை அடிபட்டதா என்று அவருக்கு நினைவில்லை. “கடையில் விற்கிற சாமான், மூலிகைதானே, வைத்தியருக்குச் சொல்லாதே” என்கிறார். டிசம்பரில் யாழ்ப்பாணம் போகப் போகிறார். என்ன செய்வது?

பதில்:
அன்புள்ள சகோதரி,

கஞ்சாவுக்கு முன் அந்த விழுகையைப் பார்க்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவரின் தலை அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே மெல்ல மெல்ல இரத்தம் கசியலாம். வயதோடு மூளை சற்றுச் சுருங்குவதால் மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்க இடம் உண்டு. அதனால் அறிகுறி தெரியச் சில நாட்களோ சில கிழமைகளோ ஆகலாம். நினைவில்லை என்றால் அடிபட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஸ்கான் எடுக்கவில்லையென்றால், இதை வாசிக்கும் நாளிலேயே வைத்தியரிடம் கூட்டிப்போய் விழுந்ததையும் வார்ஃபரினையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிய தலையிடி, அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 911 அழையுங்கள்.

அன்றிரவு நடந்தது பெரும்பாலும் அவசரப்பட்டு எடுத்த இரண்டாவது கம்மீஸின் வேலையாக இருக்கலாம். கஞ்சாவைப் புகைத்தால் போதை சில நிமிடங்களில் தெரியும். சாப்பிட்டால் அது குடலில் உறிஞ்சப்பட்டு ஈரல் வழியாகப் போக வேண்டும். அரை மணி முதல் 2 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். உச்சத்துக்கு வர 4 மணி நேரம்கூட ஆகும். ஈரலில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறுவதால், சாப்பிட்ட போதை புகைத்ததைவிட அழுத்தமாகவும் நீளமாகவும் இருக்கும். 12 மணி நேரம் வரை நீடிக்கலாம், மந்தம் 24 மணி நேரம் வரை தங்கலாம். “வேலை செய்யவில்லை” என்று இரண்டாவதை எடுப்பவருக்கு இரண்டும் நடுச்சாமத்தில் ஒன்றாக ஏறுகின்றன. டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. முதுமையில் உடலில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, ஈரலின் வேகமும் குறைகிறது. 30 வயதுக்காரர் தூங்கி எழுந்து மறந்துவிடும் அளவு, 74 வயதில் அடுத்த நாள் மதியம் வரை நிற்கக்கூடும்.

விழுந்த இடம் குளியலறை என்பதும் தற்செயல் இல்லை. டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும், படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். டாம்சுலோசினும் அம்லோடிபினும் அதே திசையில்தான் இழுக்கின்றன. அதன் மேல் லோராசெபாம் சேர்ந்தால் தள்ளாட்டமும் குழப்பமும். புரோஸ்டேட் பிரச்சினை உள்ளவர் இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பத்தான் வேண்டும். கட்டிலை விட்டு எழும் அந்த முதல் அரை நிமிடத்தில்தான் பலரும் விழுகிறார்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். வழியில் இரவு விளக்கும் கழிவறையில் கைபிடியும் போடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வார்ஃபரின்தான். அதைச் சிதைக்கும் ஈரல் நொதியையே டி.எச்.சி.யும், குறிப்பாகக் கஞ்சாவின் போதை தராத பொருளான சி.பி.டி.யும் மறிக்கக்கூடும். அப்போது வார்ஃபரின் உடலில் தேங்கி ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவீடு) ஏறும், ஈறில், சிறுநீரில், மலத்தில் இரத்தம், காரணமில்லாத கன்றல் என்று அது காட்டும். “போதை தராத சி.பி.டி. எண்ணெய் பரவாயில்லை” என்று யாராவது மாற்றிக் கொடுத்தால் வார்ஃபரின் விஷயத்தில் அது இன்னும் மோசமாகலாம். இந்தக் கிழமையே ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மாதக் கம்மீஸுடன் சேர்த்துத்தான் இப்போதைய வார்ஃபரின் அளவு சரிசெய்யப்பட்டிருக்கும். கம்மீஸைத் திடீரென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர். இறங்கி, இரத்தம் கட்டியாக உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. அதனால் நிறுத்துவதற்கு முன்பே கிளினிக்குக்குச் சொல்லி, நிறுத்தி ஒரு கிழமையில் மறுபடி பார்க்க வேண்டும்.

இதயத் துடிப்பு ஏற்கெனவே ஒழுங்கில்லாதவருக்கு டி.எச்.சி. கூட்டும் வேகமும் நல்லதல்ல. நெஞ்சுவலிக்காரருக்கும், மாரடைப்பு வந்தவருக்கும் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

கடையில் விற்பதால் ஆபத்தில்லை என்ற அப்பாவின் வாதத்துக்கு ஒன்ராறியோவே பதில் வைத்திருக்கிறது. கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 அன்று சட்டபூர்வமானது. சாப்பிடும் வகைகளுக்கான விதிகள் ஒரு வருடம் கழித்து வந்தன. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கஞ்சா நஞ்சேறி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த வீதம், சாப்பிடும் வகைகள் வந்தபின் சட்டத்துக்கு முந்திய காலத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கானது என்று ஒன்ராறியோ மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் காட்டியது. மூலிகை என்பதால் ஈரல் அதற்குச் சலுகை கொடுப்பதில்லை.

அந்தக் கம்மீஸின் பொதியைக் கட்டாயம் பாருங்கள். சட்டப்படியான பொதியில் வரி முத்திரையும் சிவப்புக் கஞ்சா சின்னமும் இருக்கும். உள்ளே எத்தனை துண்டு இருந்தாலும் ஒரு பொதியில் மொத்தம் 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் இருக்கலாம். 100, 500 என்று போட்டிருந்தாலோ, பிரபல இனிப்பைப் போலத் தோன்றினாலோ, பொதியே இல்லாமல் பையில் கிடந்தாலோ அது கள்ளச் சரக்கு. அதில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பயன்படுத்த வேண்டாம், ஆனால் நிறுத்துமுன் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். குழந்தைக்கு இது வெறும் இனிப்பு, ஒன்றே மூச்சைப் பாதிக்கக்கூடும்.

மறுபடி இப்படி மயங்கினால் கோப்பி கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியே விடாமல் ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, தட்டினால் விழிக்கிறாரா, மூச்சுச் சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். எழுப்ப முடியாவிட்டால், நெஞ்சுவலி வந்தால், மூச்சு மெதுவானால், விழுந்து தலை அடிபட்டால் 911. சந்தேகம் மட்டும் என்றால் நச்சு ஆலோசனை நிலையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம். பொதியையும் குளிசைப் பட்டியலையும் கையில் எடுத்துப் போங்கள். பட்டியலில் கஞ்சாவையும் எழுதுங்கள்.

அப்பாவை எப்படிப் பேசவைப்பது? “கஞ்சாக்காரர்” என்ற பெயர் வந்துவிடுமோ என்ற கூச்சம்தான் அவரை மறைக்கச் செய்கிறது. கஞ்சாவை முன்னுக்கு வைத்துப் பேசாமல், “வார்ஃபரின் ஏறுதா இறங்குதா என்று பார்க்க வேணும் அப்பா” என்று தொடங்குங்கள். ஒன்ராறியோவில் கஞ்சா எடுத்ததை வைத்தியரிடம் சொல்வதால் எந்தக் குற்றமும் வராது. நாள்பட்ட நோய்க்கு 3 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் எடுப்பவர்களுக்கு மருந்துக்கடையிலேயே பார்மசிஸ்ட் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்க்கும் மெட்ஸ்செக் என்ற இலவச ஏற்பாடு உண்டு. வைத்தியரிடம் பேசத் தயங்குபவர்கள் பார்மசிஸ்டிடம் இலகுவாகப் பேசுவார்கள்.

வலியும் தூக்கமின்மையும் உண்மையானவை. அவற்றுக்கு வழி சொல்லாமல் கம்மீஸைப் பிடுங்கினால் அவர் மறைத்துத்தான் எடுப்பார். மூட்டுத் தேய்மான வலிக்குக் கஞ்சா உதவும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல், எடை குறைத்தல், தேவையானால் மூட்டில் ஊசி இவைதான் நம்பத்தக்கவை. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசு நிதியில் நடக்கும் சில கிளினிக்குகளில் பிசியோதெரபி இலவசம். ஐபுபுரோபன் வார்ஃபரினோடு சேரக் கூடாது. டைலெனோல் (பாரசிட்டமோல்)கூடத் தினமும் 2 கிராமுக்கு மேல் போனால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும். தூக்கத்துக்கு, இரவு எழும்பும் தொல்லையைக் குறைக்க மாலைத் தேநீரை நிறுத்துவதும், தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சையும் லோராசெபாமைவிட நல்லவை. லோராசெபாமையும் தானாக நிறுத்த வேண்டாம், அதை வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லாம் சொன்ன பிறகும் வைத்தியரின் சம்மதத்தோடு கஞ்சாவைத் தொடர்வதென்றால், சட்டப்படியான கடையில் வாங்கும் கஞ்சா எண்ணெயும் அளவுச் சிரிஞ்சும் கம்மீஸைவிடக் கட்டுப்பாடானவை. ஒரு மில்லிலீட்டரில் 25 மில்லிகிராம் டி.எச்.சி. என்று போத்தலில் இருந்தால், 0.1 மில்லிலீட்டர்தான் 2.5 மில்லிகிராம். முதியவருக்குத் தொடக்க அளவில் அதுவே மேல் எல்லை; பாதியில் தொடங்குவது நல்லது. மில்லிகிராமையும் மில்லிலீட்டரையும் மாற்றி வாசித்து, “ஒன்று” என்று முழுச் சிரிஞ்சையும் எடுத்தால் அது 10 மடங்கு. துளி எண்ணாதீர்கள். லோராசெபாமோடும் மதுவோடும் ஒரே இரவில் வேண்டாம். அன்று காரும் ஓட்டக் கூடாது, மறுநாள் தலை தெளியும் வரையும் கூடாது. சத்திரசிகிச்சை ஏதும் வந்தால் மயக்கமருந்து வைத்தியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணப் பயணத்துக்கு ஒரு துண்டுகூடப் பையில் போகக் கூடாது. வைத்தியர் எழுதிக் கொடுத்த கஞ்சாவாக இருந்தாலும் கனடா எல்லையைக் கடத்துவது குற்றம். இலங்கையில் பிடிபட்டால் தண்டனை இன்னும் கடுமை. நான்கு மாதமாகத் தினமும் எடுத்தவர் விமானம் ஏறும் நாளில் நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, பயங்கரக் கனவுகள் முதல் கிழமையில்தான் உச்சமாகும், இரண்டு மூன்று கிழமை இழுக்கும். எனவே ஒக்டோபர் கடைசியிலேயே கிழமைக்குக் காற்பங்கு வீதம் குறைக்கத் தொடங்கி நவம்பர் கடைசிக்குள் நிறுத்தி, ஐ.என்.ஆர். இரண்டு தடவை சரியாக வந்தபின் வார்ஃபரின் அளவை எழுத்தில் வாங்கிக் கையோடு கொடுத்துவிடுங்கள்.