இஎம்ஐயை மூன்றாகப் பிரிக்காதீர்கள்

கேள்வி: பெருங்குடியில் லோன் போட்டு மூன்று பெட்ரூம் ஃபிளாட் வாங்கியிருக்கிறேன். இஎம்ஐ 54,000 ரூபாய். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் என்னோடு தங்க வருகிறார்கள். தலைக்கு 18,000 கேட்டேன், அதிகம் என்கிறார்கள். எங்கள் பிளாக்கில் இதே அளவு வீடு 36,000-க்குப் போகிறது. எவ்வளவு வாங்குவது நியாயம்?

பதில்: நண்பர்கள் சொல்வதுதான் சரி. இஎம்ஐ என்பது நீங்கள் சொத்து சேர்க்கக் கட்டும் பணம். லோன் முடியும்போது வீடு உங்கள் பெயரில் இருக்கும், இத்தனை வருஷம் பங்கு கொடுத்த அவர்களுக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அதனால் 36,000-இல் இருந்து ஆரம்பியுங்கள்.

அதையும் சமமாகப் பிரிக்க வேண்டாம், ஏனென்றால் அட்டாச்டு பாத்ரூமும் பால்கனியும் உள்ள பெரிய அறை உங்களுக்குத்தானே? பாதியை, அதாவது 18,000-ஐ, ஹால், கிச்சனுக்கு என்று வைத்துத் தலைக்கு 6,000 போடுங்கள். மீதியை அறையின் அளவுப்படி பிரியுங்கள். உங்கள் அறை 180 சதுர அடி, மற்ற இரண்டும் 120, 100 என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 14,100, அவர்களுக்கு 11,400, 10,500. டேப் பிடித்து மூன்று பேரும் சேர்ந்தே அளந்துவிடுங்கள், பிறகு யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கரண்ட் பில்தான் பெரும்பாலும் சண்டையைக் கிளப்பும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும், ஒருவர் இரவெல்லாம் ஏசி போட்டால் போடாதவரும் சேர்ந்து கட்ட வேண்டிவரும். ஒவ்வோர் ஏசிக்கும் சப்மீட்டர் வையுங்கள். மாத மெயின்டனன்ஸைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம், ஆனால் சொத்து வரி முழுக்க உங்களுடையது.

வாடகையை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். இருவருக்குமே வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் எச்ஆர்ஏ, அதாவது சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கு, வரிச் சலுகை கேட்க உங்கள் பான் எண் தேவைப்படும், கொடுத்துவிடுங்கள். அந்த வாடகையை உங்கள் வருமானத்தில் காட்டியே ஆக வேண்டும். அதில் 30 சதவீதம் கழிவு உண்டு, வாடகைக்கு விட்ட பகுதிக்கான லோன் வட்டியையும் கழிக்கலாம்.

நண்பர்கள்தானே என்று ஒப்பந்தம் எழுதாமல் விடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அப்புறம், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கம் சென்னையில் இருக்கிறதே, நீங்கள் பிடிப்பீர்களா இல்லையா என்பதையும் இப்போதே அதில் எழுதிவிடுங்கள்.