மனநல சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தர மறுத்துவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நான் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவன், வயது 46. 2014-லிருந்து குடும்பத்துக்கு மெடிக்ளெய்ம் பாலிசி கட்டி வருகிறேன், ஒரு வருடம்கூட விட்டதில்லை. 3 லட்சமாக இருந்ததை 2022-ல் 5 லட்சமாக உயர்த்தினேன். என் மனைவிக்குக் கடுமையான மனச்சோர்வு. உயிரை விட்டுவிடலாம் என்று பேச ஆரம்பித்ததும் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 16 நாள் உள்நோயாளியாக இருந்தார், நான்கு முறை இ.சி.டி. (மின் அதிர்வு சிகிச்சை) கொடுத்தார்கள். பில் 2,14,000 ரூபாய். கேஷ்லெஸ் கிடைக்காததால் நகையை அடகு வைத்துக் கட்டினேன். பிறகு பணம் கேட்டு விண்ணப்பித்ததில் மூன்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டுள்ளது, 2019-லேயே தூக்கமின்மைக்கு மாத்திரை சாப்பிட்டதை மறைத்துவிட்டோம், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம். கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. கஸ்டமர் கேருக்குப் பலமுறை போன் செய்தும் பலனில்லை. 'பைத்தியத்துக்கெல்லாம் க்ளெய்ம் வராது சார்' என்கிறார் ஏஜென்ட். இனி மாதா மாதம் மருந்துச் செலவும் இருக்கிறது. வழக்கு என்று போனால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இவை எதுவும் மனைவிக்குத் தெரியாது. வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில், நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அதுதான் பெரிய காரியம். பணத்துக்கு வழி இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் சொன்னது தவறு. அவர் பயன்படுத்திய அந்தச் சொல்லும் தவறு.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21(4)-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. தரலாம் என்று இல்லை, தர வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா நிறுவனங்களும் இதை உடனே பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சில நிறுவனங்கள் இழுத்தடித்தன. 2022 அக்டோபரில் மீண்டும் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பாலிசிகளும் மனநோயை உள்ளடக்க வேண்டும், அந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் அதை உறுதிசெய்ய வேண்டும் என்றது. இதற்கிடையில், 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கில் காப்பீடு எடுத்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே இந்தக் கடமை நிறுவனங்களுக்கு உண்டு, பாலிசியில் விலக்கு எழுதியிருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே முதல் காரணம் நிற்காது. உங்கள் கையில் இருப்பது 2014-ல் கொடுத்த பாலிசிப் புத்தகமாக இருக்கலாம். அதில் மனநோய் விலக்கு அச்சாகி இருந்தாலும் இன்றைக்கு அது செல்லாது. ஒப்பந்தத்தின் ஒரு வரி நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மீற முடியாது. மனநோய்க்கு மட்டும் தனியாக ஒரு சின்ன உச்சவரம்பு வைத்திருந்தால் அதையும் இதே பிரிவைக் காட்டி எதிர்க்கலாம்.

இரண்டாவது காரணத்தைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பாலிசி எடுத்தது 2014-ல். தூக்க மாத்திரை சாப்பிட்டது 2019-ல். ஐந்து வருடம் கழித்து வரப்போகும் தூக்கமின்மையை 2014-ல் எழுதிக் கொடுத்த படிவத்தில் யார் சொல்ல முடியும்? முன்பே இருந்த நோய் என்றால் பாலிசி தொடங்கும் முன்பு இருந்த நோய். நிறுவனம் ஒருவேளை 2022-ல் தொகையை உயர்த்தியபோது கொடுத்த படிவத்தைச் சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்தக் கேள்வி கூடுதலாகச் சேர்ந்த 2 லட்சத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் பில் 2,14,000, பழைய 3 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 60 மாதம் விடாமல் பாலிசி ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, தகவலை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு எட்டு ஆண்டாக இருந்த இந்தக் காலத்தை 2024-ல் ஐந்தாண்டாகக் குறைத்தார்கள். உங்களுக்கு இரண்டு கணக்குமே எப்போதோ முடிந்துவிட்டது.

மூன்றாவது காரணத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கையாள வேண்டும். மனநல க்ளெய்ம்களில் எனக்குத் தெரிந்து அதிகம் சிக்குவது இதில்தான். வெறும் கண்காணிப்புக்கோ பரிசோதனைக்கோ சேர்ந்தால் பணம் இல்லை, ஓய்வுக்கும் மறுவாழ்வுப் பராமரிப்புக்கும் பணம் இல்லை என்று பாலிசிகளில் பொது விலக்குகள் உண்டு. அவை எல்லா நோய்க்கும் பொருந்துபவை, சட்டப்படி செல்லுபடியாகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார், மாத்திரையும் ஆலோசனையும் தரப்பட்டது' என்று நாலு வரியில் எழுதி முடித்திருந்தால், க்ளெய்மைப் பார்ப்பவர் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்வார். உங்கள் மனைவியின் சம்மரியை எடுத்துப் பாருங்கள். தற்கொலை எண்ணம் இருந்தது, வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்பது அதில் இருக்கிறதா? இல்லையென்றால் சிகிச்சை அளித்த மனநல மருத்துவரிடம் ஒரு விளக்கச் சான்று வாங்குங்கள். சேர்க்கும்போது நிலைமை எப்படி இருந்தது, உள்நோயாளியாக வைத்தது ஏன், எந்தெந்தத் தேதியில் இ.சி.டி. கொடுக்கப்பட்டது, மயக்க மருந்து கொடுத்தவர் யார் என்ற விவரங்கள் அதில் வரட்டும். நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இ.சி.டி.தான் உங்கள் கையில் உள்ள பலமான ஆதாரம். தசைத் தளர்த்தி மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் அந்தச் சிகிச்சையைக் கொடுக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. தன் உயிருக்கே ஆபத்தாக இருக்கும் ஒருவருக்கு, மயக்க மருந்தோடு நான்கு முறை கொடுக்கும் சிகிச்சையை வெளிநோயாளியாகப் பார்த்திருக்கலாம் என்று சொல்வதற்கு என்ன மருத்துவ அடிப்படை என்று எழுத்தில் கேளுங்கள். நர்சுகள் எழுதும் குறிப்பேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த நேரத்தில் பார்த்தார்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா, என்ன பேசினார் என்று நாள்வாரியாக அதில் இருக்கும். சிகிச்சை பெற்றவருக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 25-ஆம் பிரிவு தருகிறது. மருத்துவமனை மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று கேட்டு, பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. போன் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இப்படி எழுதலாம்: 'என் க்ளெய்ம் மறுக்கப்பட்டது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21(4)-ஆம் பிரிவுக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைகளுக்கும் முரணானது. பாலிசி 2014 முதல் தொடர்ச்சியாக உள்ளது; தகவலை மறைத்ததாகக் கூறும் காரணம் 60 மாத விதியின்படி செல்லாது. உள்நோயாளி சிகிச்சை தேவைப்பட்டதற்கான மருத்துவர் சான்று இணைக்கப்பட்டுள்ளது. மறுப்புக்கு உங்கள் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் அளித்ததா என்றும், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கப்பட்டது என்றும் தெரிவிக்கவும். தொகையை வட்டியுடன் வழங்கவும்.' மறுஆய்வுக் குழுவைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் க்ளெய்மை மறுக்கக்கூடாது என்பது 2024-ல் வந்த விதி. இதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடியும் மறுப்புதான் என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை, பாலிசிதாரரான நீங்களே பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நீங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் வர முடியாது. அதனால் இந்த வரிசையிலேயே போங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுக் காலவரம்பு உண்டு. உங்களுக்கு மறுப்பு வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஏழு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

பலர் கோட்டைவிடும் ஒரு விஷயம்: பெரும்பாலான பாலிசிகளில் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிறகு 60 அல்லது 90 நாள் செலவுகளும் அடங்கும். அந்த நாட்களில் வாங்கிய மருந்து, டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை பில்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்குப் பிறகு வரும் மாதாந்திர ஓ.பி. செலவை இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 'அதே அடிப்படை' என்பதுதான் சட்டத்தின் அளவுகோல். உங்கள் பாலிசி சர்க்கரை நோய்க்கு ஓ.பி. செலவைத் தராது என்றால் மனச்சோர்வுக்கும் தராது. ஓ.பி. வசதி உள்ள பாலிசியாக இருந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் அதிலிருந்து ஒதுக்க முடியாது.

மாதச் செலவுக்கு அரசு மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். தயக்கம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநோய்க்கான அத்தியாவசிய மருந்துகள் அரசு சுகாதார நிலையங்களில், சமுதாய சுகாதார மையம் தொடங்கி மேலே, இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. கோவை டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தை மாற்ற வேண்டி வந்தால் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிந்து மாற்றட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரவு நேரத்தில் அவர் மறுபடி அப்படிப் பேச ஆரம்பித்தால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவச அரசு சேவை, தமிழிலும் பேசுவார்கள். அவசரம் என்று தோன்றினால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருப்பதை 23-ஆம் பிரிவு நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பும் காகிதங்கள் நிறுவனத்துக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கும்தான் போகின்றன. ஏஜென்ட் மூலமாக எதையும் அனுப்பாதீர்கள், நேரடியாக அனுப்புங்கள்.

ஆனால் அந்த உரிமை உங்கள் மனைவியுடையது. பாலிசி உங்கள் பெயரில் இருக்கலாம், மருத்துவப் பதிவுகள் அவருடையவை. அவருக்குத் தெரியாமல் நர்சு குறிப்பேடு வரை வாங்கி வெளியே அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். மருத்துவரிடம் கேட்டு, அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் சொல்லுங்கள். தன்னால் வந்த கடன் என்று அவர் குமைந்துவிடக்கூடாது. கட்டிய பிரீமியத்துக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்கிறோம், உன் கையெழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போதே இன்னொரு வேலையும் முடித்துக்கொள்ளலாம். 14-ஆம் பிரிவின்படி, தன் சார்பாகப் பேச ஒருவரை அவர் நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். அது நீங்களாகவும் இருக்கலாம், அவர் நம்பும் தங்கையாகவும் இருக்கலாம். அதை அவரே முடிவு செய்யட்டும்.

எழுதுவதற்குத் துணை வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண் என்ற முறையிலும் மனநல சிகிச்சை பெறுபவர் என்ற முறையிலும் உங்கள் மனைவிக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம். மறுப்புக் கடிதம், பாலிசி நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் நான்கையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்காதீர்கள்.