120 சதுர அடிக்குள் ஒரு குடும்பம்: பொருட்களை எங்கே வைப்பது?

துபாயில் வாடகைக் களஞ்சியம் (வீட்டுச் சாமான்களைப் பூட்டி வைக்கச் சிறு அறைகளை வாடகைக்கு விடும் இடம்) ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவன் நான். வீட்டில் இடமில்லாமல் தவிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (நுவரெலியா): அண்ணா, சொந்தக்காரர் வீட்டில் பெட்டியை வைப்பதற்கும் வாடகைக் களஞ்சியத்துக்கும் என்ன வேறுபாடு?

சாவி உங்களிடமே இருக்கும், தங்கச்சி. யாரையும் கேட்காமல் போய் எடுக்கலாம். 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளரத் தொடங்கிய தொழில் இது. ஹொங்கொங், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் அடுக்குமாடி வீடுகளின் நெருக்கடிதான் இதற்கு ஆள் சேர்த்தது. பிள்ளையின் தொட்டில், அம்மாவின் தையல் இயந்திரம் போன்றவற்றை வீட்டில் வைக்க இடமிருக்காது, விற்கவும் மனம் வராது. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் வந்தார்கள்.

கேள்வி (மஸ்கெலியா): தோட்டத்து லயன் காம்பராவில் (வரிசை வீட்டின் ஓர் அறையில்) ஆறு பேர் இருக்கிறோம். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், மேசை போட இடமில்லை. சாமான்களை வெளியே வாடகைக்கு வைக்கலாமா?

அக்கா, உங்கள் சாமான்கள் அதிகமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா என்றால் 120 சதுர அடி. தோட்டங்களில் கட்டித் தரும் புதிய தனி வீடே 550 சதுர அடிதான். அதில் கால்வாசிகூட இல்லாத இடத்தில் ஆறு பேர் எதைத்தான் ஒதுக்குவது? தனி வீடு கேட்பதை விட்டுவிடாதீர்கள். களஞ்சியம் அதற்கு ஈடாகாது.

இப்போதைக்கு ஒரு கணக்குப் போடுங்கள். 15,000 ரூபாய் பெறுமதியான பொருளுக்கு மாதம் 1,500 ரூபாய் வாடகை கொடுத்தால், பத்தே மாதத்தில் அதன் விலையைக் கட்டிவிடுவீர்கள். ஆகவே ஒரு குடும்பத்துக்கு இது கட்டாது. ஆனால் ஒரு லயனில் எத்தனை வீட்டில் கல்யாண அண்டா, பெரிய தாம்பாளம், மடக்குக் கட்டில் கிடக்கின்றன? ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் பொருட்கள் இவை. கோயில் கமிட்டியிடம் கேட்டு ஓர் அறையை ஒதுக்கி, பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். அண்டா வெளியே போனால் மேசை உள்ளே வரும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிரஜாவுரிமைப் பத்திரம் மட்டும் எங்கும் போகக்கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களே புதைந்தன. மழைக்காலத்தில் அந்தப் பத்திரங்கள் றங்குப்பெட்டியின் அடியில் கிடக்க வேண்டாம். தண்ணீர் புகாத பையில் போட்டு, ஓடும்போது கைக்கு எட்டும்படி கதவருகே மாட்டி வையுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): ஊர் ஹட்டன். கொழும்பில் இரண்டறை வீட்டில் இருக்கிறோம். கம்பளிகளையும் புத்தகங்களையும் ஊர் வீட்டிலேயே பூட்டி வைக்கலாமா?

வைக்கலாம், தம்பி. ஆனால் ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். கொழும்பிலிருந்து துவைத்து அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிப்பது உறுதி. நல்ல வெயிலில் காயவைத்து, பழைய பருத்திச் சேலையில் சுற்றுங்கள். பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாதம் ஒரு தடவை யாராவது யன்னலைத் திறந்துவிட வேண்டும்.

கேள்வி (பண்டாரவளை): எனது கடையின் மேல்மாடி காலியாக இருக்கிறது. தடுப்புப் போட்டு வாடகைக்கு விடலாமா?

தீயை நினைத்துவிட்டு இறங்குங்கள். 2016 ஜூனில் ஹொங்கொங்கில் இப்படித் தடுத்த களஞ்சியம் ஒன்று தீப்பிடித்து நான்கு நாட்களுக்கும் மேலாக எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பூட்டிய சிறு அறைகள், குறுகிய நடை, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலை. அறை அறையாக உடைத்துத்தான் அவர்கள் போக வேண்டியிருந்தது. பலகைத் தடுப்பு வேண்டாம். இரண்டு வழி வையுங்கள், யன்னலை மறைக்காதீர்கள். ஒவ்வோர் அறையிலும் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். உங்கள் ஊவாப் பக்கத்துக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். கூரையை அதற்குள் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): களஞ்சியத்தில் காஸ் சிலிண்டரையும் சேர்த்து வைக்கலாமா?

கூடாது. மண்ணெண்ணெய், பெற்றோல், பட்டாசு எதுவும் கூடாது. வெறும் சிலிண்டர் என்றாலும் நான் உள்ளே விட்டதில்லை.