திருப்பாதிரிப்புலியூர் பின்கோடு எந்த வகை எண்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளிக் கணிதக் கண்காட்சிக்கு எங்கள் திருப்பாதிரிப்புலியூரின் பின்கோடான 607002-ஐ எடுத்திருக்கிறாள். காரணிகளைக் கண்டறிய எந்த எண் வரை வகுத்துப் பார்க்க வேண்டும்? இதை எவ்வகை எண் என்று எழுதலாம்?
– வாசகர், கடலூர்

பதில்: இரட்டைப்படை எண் என்பதால் 607002 பகா எண் அன்று என்பது பார்த்தவுடனே தெரியும். பகு எண் எதற்கும் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருக்கும். 780-இன் வர்க்கம் 608400 என்பதால், 779-க்கு மேல் சோதிக்கத் தேவையில்லை. அதுவரை 137 பகா எண்கள் இருக்கின்றனவே என்று தங்கள் மகள் மலைக்க வேண்டாம். காரணி கிடைக்கும்போதெல்லாம் ஈவை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்தால் எல்லை மளமளவென்று சுருங்கிவிடும்.

2-ஆலும் 3-ஆலும் வகுத்தபின் மிஞ்சுவது 101167. இதில் ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் 1+1+6, 0+1+7 என இரு பக்கமும் 8 வருவதால், இது 11-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 9197. இப்போது எல்லை 95 ஆகிவிட்டது. 13 ஒத்துவராது, 17-ஆல் வகுத்தால் 541. இனி 23 வரை பார்த்தால் போதும். 17, 19, 23 மூன்றுமே வகுக்காததால் 541 பகா எண். பகா எண்களின் வரிசையில் அது சரியாக நூறாவது என்பதையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள், பார்ப்பவர்கள் நின்று படிப்பார்கள்.

ஆக, 607002 = 2 × 3 × 11 × 17 × 541. எந்தப் பகாக் காரணியும் இருமுறை வராததால் 1-ஐயும் அதே எண்ணையும் சேர்த்து மொத்தக் காரணிகள் 2⁵, அதாவது 32.

வகைப்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் எண்ணைவிட மிகுந்தால் அது மிகையெண், குறைந்தால் குறைவெண், சமமானால் நிறைவெண். 32 காரணிகளையும் எழுதிக் கூட்டாமலே இங்கு விடை சொல்லலாம்: 607002-இல் பாதி 303501, மூன்றில் ஒரு பங்கு 202334, ஆறில் ஒரு பங்கு 101167, இம்மூன்று காரணிகளைக் கூட்டினாலே 607002 வந்துவிடுகிறது. மேற்கொண்டு 1 என்ற காரணியைச் சேர்த்த கணமே கூடுதல் எண்ணைத் தாண்டிவிடுவதால் இது மிகையெண். 6-ஐவிடப் பெரிய, 6-இன் மடங்கான எந்த எண்ணுக்கும் இதே வாதம் பொருந்தும். (முழுக் கூடுதல் 797862.)

ஒப்பிட்டுக் காட்ட, புதுச்சேரியின் வில்லியனூருக்குரிய 605110-ஐப் பக்கத்தில் வைக்கலாம். 2 × 5 × 11 × 5501 எனப் பிரியும் அதன் காரணிகளின் கூடுதல் 583322 மட்டுமே என்பதால் அது குறைவெண். பின்கோடு தபாலைப் பிரிப்பதற்கான அடையாளமே என்பதால், இதை வைத்து எந்த ஊருக்கும் ஏற்றமோ தாழ்வோ சொல்ல முடியாது என்பதையும் அட்டையின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடச் சொல்லுங்கள்.