குழந்தைக்கு 'மர்மர்' இருக்கிறது என்றால் இதயத்தில் ஓட்டை என்று அர்த்தமா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. போன வாரம் காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "மர்மர் இருக்கு, எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்க" என்றார். ஓட்டை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்களா? நன்றாக ஓடியாடுகிற பிள்ளையை இப்போது மாமியார் மாடிப்படி ஏறக்கூட விடுவதில்லை. பெண் பிள்ளை, வெளியில் மூச்சு விடாதே என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பிள்ளையை மாடிப்படி ஏற விடுங்கள். மூச்சு வாங்காமல் விளையாடுகிற, வயதுக்கேற்ற எடையோடு இருக்கிற 6 வயதுக் குழந்தைக்கு, அதுவும் காய்ச்சல் நேரத்தில் கேட்ட மர்மர் என்றால் பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாத வகையாகத்தான் இருக்கும். நிச்சயமாக என்று சொல்ல முடியாது, அதற்குத்தான் எக்கோ என்கிற இதய ஸ்கேன்.

மர்மர் என்பது காதில் விழுகிற ஒரு சத்தம், நோயின் பெயர் இல்லை. இதய வால்வுகள் மூடும்போது 'லப்-டப்' என்று கேட்கும், அந்தச் சத்தங்களுக்கு இடையில் ரத்தம் சுழித்து ஓடுவதால் வருகிற கூடுதல் இரைச்சல்தான் மர்மர். ஓட்டை இருந்தாலும் வரும், வால்வு சுருங்கியிருந்தாலோ சரியாக மூடாமல் ஒழுகினாலோ வரும், எந்தக் கோளாறும் இல்லாத இதயத்தில் ரத்தம் கொஞ்சம் வேகமாக ஓடினாலும் வரும். காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தசோகையிலும் அப்படித்தான், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அப்படித்தான், கர்ப்பிணிகளுக்கும் கேட்பதுண்டு. அதனால் எக்கோவோடு ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், நம் ஊர்ப் பிள்ளைகளில் ரத்தசோகை அவ்வளவு அதிகம்.

ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு வளரும் வயதில் எப்போதாவது மர்மர் கேட்கும், 3 முதல் 7 வயதில் ரொம்பச் சகஜம். இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1909இல் விவரித்த, இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிற ஒரு வகை உண்டு: நெஞ்சின் இடது பக்கம் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும், படுத்திருக்கும்போது தெளிவாக இருக்கும், எழுந்து நின்றால் மங்கிவிடும். டாக்டர் பிள்ளையைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, நிற்கவைத்து மாறி மாறிக் கேட்பது இதைப் பிரித்தறியத்தான். அதைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம்.

சீட்டில் 'கிரேடு 2/6' என்று எழுதியிருந்தால் அது சத்தத்தின் அளவு, ஆபத்தின் அளவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுகிறதே, அதுபோல இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஓட்டை பெரிய சத்தம் போடும், பெரிய ஓட்டை சில நேரம் அடக்கமாக இருக்கும். அந்தச் சின்ன ஓட்டைகளிலும் பல தானாகவே மூடிவிடுகின்றன.

எக்கோ என்பது வயிற்று ஸ்கேன் மாதிரியேதான். நெஞ்சில் ஜெல் தடவி ஒரு கருவியை நகர்த்திப் பார்ப்பார்கள், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. காய்ச்சல் விட்ட பிறகு எடுத்தால் போதும். ஆனால் விளையாடும்போது மயங்கி விழுவது, ஓடினால் நெஞ்சு வலி, உதடும் நகமும் நீலமாவது, நிமோனியா திரும்பத் திரும்ப வருவது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருப்பது இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தை என்றால் பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவகை பாக்டீரியாவால் தொண்டை வலி வந்துபோன 2, 3 வாரத்தில் முட்டி வீங்கும், அது வடிவதற்குள் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று வலி இடம் மாறும். மூட்டு சரியாகிவிடும், ஆனால் இதய வால்வில் ஏற்பட்ட பழுது அப்படியே தங்கிவிடலாம். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஏதாவது வந்ததா என்று யோசித்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ருமாட்டிக் காய்ச்சல்தான் என்று தெரிந்தால் 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல வருடம் போட வேண்டும். அது வலிக்கிற ஊசி, போட்ட அன்று பிள்ளை நொண்டும், அதனால்தான் 'இப்ப நல்லாத்தானே இருக்கா' என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி தொண்டையில் கிருமி வரும், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும். தடுத்திருக்கக்கூடிய வால்வு ஆபரேஷன்கள் இப்படித்தான் வருகின்றன, எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம் இது.

மாமியாரின் கவலை புரிகிறது, ஆனாலும் மறைப்பதுதான் ஆபத்து. பள்ளியிலும், பல் டாக்டரிடமும், எந்த ஆபரேஷனுக்கு முன்பும் சொல்ல வேண்டிய விஷயம் இது. எக்கோவில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ஓட்டம், நீச்சல், கபடி எதற்கும் தடை கிடையாது, மருந்தும் வேண்டாம், பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஏதாவது இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் இல்லை, சிலதுக்கு வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டாலே போதும், சில ஓட்டைகளைத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே அடைத்துவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் வருகின்றன, கார்டு இல்லையென்றால் இப்போதே எடுத்துவையுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக ஃபைலில் வையுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனால் அவர் காதிலும் அதே சத்தம் விழும், அதே பேச்சு வரும், ரிப்போர்ட்டைக் காட்டினால் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.