வெயிலில் நின்றால் திணறும் விமானம்

கேள்வி: குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றின் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருவர் அமரும் விமானம் ஒன்றைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து ஆறு ஆண்டுகளில் கட்டி முடித்தேன். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின். காலையில் முதல் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இறங்கி அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் எரிபொருள் அழுத்த முள் ஆடுகிறது. நான்காம் முறை ஓடுபாதையில் ஓடும்போதே எஞ்சின் திணறியதால் பறக்காமல் நிறுத்திவிட்டேன். பாகங்களை விற்ற தரகர், இரண்டு கார்புரேட்டர்களையும் மாற்றியாக வேண்டும் என்கிறார். மாற்றிவிட்டால் தீபாவளிக்குப் பேத்தியை ஏற்றிப் பறக்கலாமா?

பதில்: ஐயா, தரையிலேயே நிறுத்தினீர்களே, அது சரியான முடிவு. ஓடுபாதை முடிந்ததும் செம்பனை தொடங்கிவிடும் நம் ஊர்களில், நூறு அடி உயரத்தில் அதே திணறல் வந்திருந்தால் மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே இறங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. எதிரே இருப்பதோ மரம்.

கார்புரேட்டரைத் தொடாதீர்கள். அது கெட்டிருந்தால் காலையிலும் காட்டிக்கொடுத்திருக்கும். நடுப்பகலில் மேடேறும் பழைய லோரி வழியில் நின்றுவிட்டால், ஓட்டுநர் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பார்; பட்டறையில் இருந்த நீங்கள் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். உங்கள் விமானத்துக்கும் அதே நோய்தான். எஞ்சின் ஓடும்வரை காற்றாடியின் காற்று எல்லாவற்றையும் குளிர்விக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்றுபோக, புகைக்குழாயின் சூடு எஞ்சின் மூடிக்குள்ளேயே தேங்கி, குழாயில் அசையாமல் கிடக்கும் பெட்ரோலை ஆவியாக்கிவிடுகிறது. பம்பு திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. ஆவி வந்தால் அது வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும், அழுத்தம் விழும். இந்த எஞ்சினுக்கு அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பம்புக்குப் பின்னால் உள்ள கிளைக் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கி அடைத்திருக்கிறீர்கள். அது பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய குழாய். 0.35 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை வழியே கொஞ்சம் பெட்ரோலும் அதோடு சேர்ந்த ஆவியும் எப்போதும் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே தயாரிப்பாளர் சொல்லும் ஏற்பாடு. இது வேண்டாத செலவு என்று உங்களிடம் சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. கார்புரேட்டர் விற்க வருகிறவரே அவராக இருந்தால் வியப்படைய மாட்டேன். இன்னொன்று: பெட்ரோல் குழாய் புகைக்குழாய்க்கு மேலே நான்கு விரல் இடைவெளியில், தீத்தடுப்பு உறைகூட இல்லாமல் போகிறது. அதைத் தள்ளிக் கட்டி உறை போடுங்கள்.

இவ்விரண்டையும் சரிசெய்த பின் பெட்ரோல் ஓட்டத்தை அளந்து பாருங்கள். தொட்டியில் குறைந்த அளவு பெட்ரோல் வைத்து, மூக்குச் சக்கரத்தின் கீழே பலகை அடுக்கி, ஏறும்போது விமானம் நிற்கும் கோணத்துக்கு அதைத் தூக்கி நிறுத்துங்கள். கார்புரேட்டருக்குப் போகும் குழாய்களைக் கழற்றி அளவுக்குடுவையில் விட்டு, மின்பம்பை ஓடவிடுங்கள். முழு வேகத்தில் இந்த எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 27 லிட்டர் குடிக்கும். பம்பு வைத்த விமானத்தில் அதைவிடக் கால்பங்கு கூடுதலாக வர வேண்டும் என்பது பொதுவிதி. அதாவது நிமிடத்துக்கு 560 மில்லி. திறந்தவெளியில், எர்த் கம்பி மாட்டி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் வாயில் சிகரெட் இருக்கக் கூடாது.

அளவு குறைந்தால் முதலில் தொட்டியின் காற்றுக்குழாயைப் பாருங்கள். தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் விமானத்துக்குக் குளவிதான் முதல் பகை. ஒரே வாரத்தில் அந்தச் சிறு துளைக்குள் மண் கூடு கட்டிவிடும். தொட்டி மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் அடைப்பு அங்கேதான். காற்று வேகமானியின் குழாயையும் மூடி வையுங்கள். பறக்கும் முன் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள்.

முள் ஆடினாலே பறக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் பலர் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். அழுத்தத்தை அளக்கும் சென்சர் எஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்து கெட்டுப்போவது வழக்கம். எர்த் கம்பி தளர்ந்தாலும் முள் ஆடும். அப்போது பெட்ரோலில் குறை இராது, காட்டும் கருவியில்தான் குறை. ஆனால் அப்படி முடிவு செய்ய மூன்றும் ஒருசேர அமைய வேண்டும். எஞ்சின் ஓசை சிறிதும் மாறக் கூடாது. மின்பம்பைப் போட்டாலும் நிறுத்தினாலும் முள் ஒரே மாதிரி ஆட வேண்டும். குழாயிலேயே நேராக மாட்டிய சாதாரண அழுத்தமானி, தரையில் முழு வேகத்தில் ஓட்டும்போது அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு அமைந்து ஒன்று அமையாவிட்டால் அது விலக்கு ஆகாது. உங்கள் எஞ்சின் திணறியது. ஆகவே இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

பெட்ரோல் நிலையத்து ரோன் 95 இந்த எஞ்சினுக்குப் போதும். 97 போட்டால் ஆவியாவது நின்றுவிடும் என்பது தவறு. அந்த எண் எஞ்சினுக்குள் தட்டல் எழாமல் காப்பதைக் குறிக்கிறதே தவிர, ஆவியாகும் தன்மையை அன்று. டின்னில் அடைத்து விற்கும் ‘சக்தி கூட்டும்’ மருந்துகளும் அப்படியே.

தரகர்கள் பிழைப்பதற்கு நம் ஏற்பாடே வழி செய்து கொடுக்கிறது. சென்ற ஆண்டு ஒரு சிறு ரப்பர் வளையத்துக்காக ஏழு வாரம் காத்திருந்தேன். பொருளின் விலையைவிட நான் நிரப்பிய படிவங்களின் நகல் செலவு அதிகம். எஞ்சின் மூடியைத் திறக்காமலே கையெழுத்திடப்பட்ட சோதனைத் தாள்களையும் கண்டிருக்கிறேன். 9எம் என்ற மலேசியப் பதிவுக் குறியைப் பக்கவாட்டில் எழுதிவிட்டால் விமானம் தானாகப் பறந்துவிடும் என்று நினைப்பார்கள் போலும். ‘எல்லாத் தாள்களையும் நானே முடித்துத் தருகிறேன்’ என்று ஒருவர் முன்பணம் கேட்டால், எந்தத் தாள், யார் கையெழுத்து என்று எழுதி வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

பேத்தியை இந்தத் தீபாவளிக்கு ஏற்ற வேண்டாம். சொந்தமாகக் கட்டும் விமானங்கள் மிகுந்த அமெரிக்காவில், சான்று பெற்ற எஞ்சினும் காற்றாடியும் பொருந்திய விமானத்துக்கு வழக்கமாக 25 மணி நேரம், மற்றவற்றுக்கு 40 மணி நேரம் சோதனைப் பறப்பு விதிக்கிறார்கள். அதுவரை பயணிகளுக்கு இடமில்லை. யூஎல்எஸ் சான்று பெறாத வகை. நீங்கள் பறந்திருப்பதோ மூன்றே முறை. அந்த 40 மணியை உங்கள் கணக்காக வைத்துக்கொண்டு, காலை ஒன்பதுக்குள் தனியாகப் பறந்து பழகுங்கள். இறங்கியதும் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, எஞ்சின் மூடியின் சிறு கதவைத் திறந்து வையுங்கள். மீண்டும் கிளப்பும்போது மின்பம்பைப் போட்டு, பிரேக் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முள் ஆடினால் அன்றைக்குப் பறப்பு முடிந்தது.

திரும்பு குழாயை மாட்டிய பின் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வந்தது என்று எழுதுங்கள். அதுவரை தரகரிடம் கார்புரேட்டருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.