படுத்திருக்கும் நாளுக்குக் கூலி

வணக்கம் அக்கா,

மகப்பேறு உதவித்தொகை இலவசமல்ல, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் நாளுக்கான கூலி என்று நீங்கள் போன வாரம் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. திருப்பூரில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 15 பேர் பெண்கள். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம். 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் சொல்கிறதாம். நான் எங்கே போவேன்? இனிமேல் கல்யாணமாகாத பெண்ணையோ, ஐம்பது வயதுக்காரரையோதான் வேலைக்கு எடுப்பேன் என்று சொன்னால் என்னைக் கெட்டவன் என்பீர்கள்.

இன்னொரு பக்கம் அரசாங்கம் பிரசவத்துக்கு 18,000 ரூபாய் கொடுக்கிறது. நம் வரிப்பணம், ஓட்டுக்காகப் போகிறது. என் அம்மா ஐந்து பிள்ளை பெற்றார். பதினைந்தாம் நாள் காட்டு வேலைக்குப் போனார். அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள்? அன்றைக்கு ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். இன்றைக்கு முதலமைச்சர்களே நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எதைத்தான் நம்புவது? நான் சொல்வது தவறென்றால் விளக்குங்கள்.

கே.,
திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான். ஆறு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்து பதிமூன்றாம் நாள் கடலைக்காட்டில் களைவெட்டுக்குப் போனார். அதை எங்கள் வீட்டில் பெருமையாகத்தான் சொல்வோம். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறையில் அவருக்குத் துணி துவைத்துக் கொடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, இரண்டு ஓரத்திலும் நாடா வைத்துத் தைத்த பட்டை ஒன்று புடவைகளுக்கு நடுவே இருந்தது. “இது எதுக்குப் பெரியம்மா?” என்றேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். இரவு பக்கத்தில் படுத்திருக்கும்போது அவராகவே சொன்னார். கர்ப்பப்பை இறங்கிவிட்டது. குனிந்தாலும் சுமை தூக்கினாலும் வெளியே வந்துவிடும். வரப்போரம் மறைவாக உட்கார்ந்து கையால் உள்ளே தள்ளி, அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பவும் களைக்கொத்தை எடுப்பாராம். பதினெட்டு வருடம். ஆறு பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. ஆபரேஷன் செய்யும்போது அவருக்கு வயது அறுபது. அடுத்தடுத்த பிரசவம், பெற்ற உடம்பு ஆறுவதற்குள் சுமை, இரண்டும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர்.

உங்கள் அம்மாவின் உடம்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மகனிடம் சொல்ல வாய் வராது. அக்காவோ தங்கையோ இருந்தால் கேட்கச் சொல்லுங்கள். பதினைந்தாம் நாள் அவர் போனதற்குக் காரணம் உடம்பு கெட்டியாக இருந்ததுதானா, போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மகப்பேறு உதவி என்பது கூலி. தினக்கூலிக்குப் போகும் பெண் படுத்தால் கூலி போச்சு. அந்த நாட்களின் கூலியை யாராவது கொடுத்தால்தான் அவளால் படுக்க முடியும். பிள்ளை பெற்றதற்குப் பரிசாகவோ பாவப்பட்டவளுக்குப் பிச்சையாகவோ பார்த்தால் கணக்கு எல்லாமே தப்பாகிவிடும்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட நூறு. 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா வந்தது. அம்பேத்கர் அப்போது அங்கே உறுப்பினர். மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அதனால் இந்தச் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்றார். முதலாளியையும் அவர் விட்டுவிடவில்லை. சில தொழில்களில் ஆணைவிடப் பெண்ணை வைத்தால் ஆதாயம் அதிகம் என்பதால்தானே பெண்ணை வைக்கிறார்கள், அப்படியானால் அவர்களும் ஒரு பங்கு சுமக்கத்தான் வேண்டும் என்றார். திருப்பூருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு யார் சொல்ல முடியும்? செக்கிங்கிலும் கைமடி வேலையிலும் நீங்கள் ஏன் பெண்களை வைத்திருக்கிறீர்கள்? ஆண்களை வைத்தால் அந்தச் சம்பளத்துக்கு வருவார்களா?

ஆனால் 1929இல் சட்டமாக வந்தபோது செலவு முழுக்க முதலாளி தலையில் விழுந்தது. 1961 மகப்பேறு நலச் சட்டமும் அதே வழியில் போனது. 2017இல் 12 வாரத்தை 26 வாரமாக உயர்த்தினார்களே, அப்போதும் ஒன்றிய அரசு தன் பங்காக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பெயர் அரசுக்கு, செலவு முதலாளிக்கு. இதில் உங்கள் கோபம் நியாயமானது. கல்யாணமாகாத பெண்ணாகப் பார்த்து எடுப்பேன் என்று நீங்கள் எழுதினீர்கள், மற்றவர்கள் எழுதாமலே செய்கிறார்கள். அதன் பாரம் கடைசியில் அந்தப் பெண்கள் மேல்தான் விழுகிறது.

அப்புறம் ஒரு விஷயம். 22 பேர் இருக்கும் யூனிட், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐக்குள் வந்தாக வேண்டும், பத்துப் பேர் இருந்தாலே வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களும் இதில் அடக்கம். ஈஎஸ்ஐ கட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் 26 வாரச் சம்பளத்தை நீங்கள் கொடுக்க வேண்டியதே இல்லை, ஈஎஸ்ஐ கழகம் கொடுக்கும். அம்பேத்கர் கேட்டது போலச் செலவைப் பலர் தோளில் பிரித்து வைக்கும் ஏற்பாடு நம்மிடம் அரைகுறையாகவாவது இருக்கிறது. பாதிப் பேரின் பெயரை ஏட்டில் காட்டாமல் விடுவதால்தான் அது வேலை செய்வதில்லை. உங்கள் யூனிட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது, குற்றம் சாட்டவும் இல்லை.

இனி வரிப்பணம். அரசியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலுக்கும் மகப்பேற்று உதவிக்கும் அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. இலவசம் என்று இதைத் திட்டுகிறவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்கலாம். அந்த 18,000 ரூபாய் தரும் தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவம் முடித்து, 1927இல் சென்னை சட்ட மேலவைக்குப் போன பெண். விண்ணப்பத்தில் அவர் பெயரை எழுதுகிற எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்று நினைத்து நான் வருத்தப்படுவதுண்டு. 1980களின் கடைசியில் 300 ரூபாயாக இருந்த உதவி 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ஆனது. பணமாக 14,000, மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஓட்டுக்காகத்தான் உயர்த்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு கழகங்களும் தங்கள் ஆட்சியில் உயர்த்தின. இப்படி ஒரு போட்டி நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். 2018-20 கணக்கில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். இதற்கு இந்தப் பணம் மட்டும் காரணமல்ல. இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, வீடு வீடாக நடக்கும் கிராம சுகாதார செவிலியர் எல்லாம் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் அதே காலத்தில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதற்கு முந்தைய ஒன்பது மாதச் சாப்பாடும் ஓய்வும் இன்னும் அவளவள் பாடாகத்தான் இருக்கிறது.

ஒன்றிய அரசின் கதை இன்னும் மோசம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அரசு வேலையிலோ வேறு வழியிலோ இதே பலன் கிடைப்பவர்களுக்கு மட்டுமே விலக்கு. 2017இல் திட்டமாக வந்தபோது அது 5,000 ஆயிற்று, அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். பின்னால் இரண்டாவது குழந்தைக்கும் 6,000 என்று சேர்த்தார்கள், பெண் குழந்தையாக இருந்தால். பெண் சிசுவை அழிப்பதைத் தடுக்க என்று காரணம் சொல்கிறார்கள். சரி, நோக்கம் நல்லதுதான். ஆனால் இரண்டாவதாக ஆண் குழந்தை பெற்றவளின் உடம்பு நோகாதா? அவள் கூலி போகவில்லையா?

எனக்கு அதிகம் ஆறாத இடம், எத்தனையாவது பிள்ளை என்ற இந்த எண்ணிக்கைதான். நம் மாநிலத் திட்டமும் இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடும். எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணோடு மூன்றாவது கர்ப்பத்தின்போது செக்கப்புக்குத் துணைக்குப் போயிருந்தேன். அன்றைக்குப் பெட்டகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்துமாவு, பேரீச்சை, இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய். பக்கத்தில் இருந்த பெண்கள் மடியில் வைத்துத் திறந்து பார்த்து, நெய் டப்பாவை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். செவிலியர் இவள் அட்டையில் ‘மூன்றாவது’ என்று எழுதிவிட்டு, தலை நிமிராமலே, “உனக்கு இது வராதும்மா” என்றார். செவிலியர் மேல் தப்பில்லை, விதி அப்படி. பரிசோதனை, மாத்திரை, பிரசவம் எல்லாமே அவளுக்கும் இலவசம்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் ஒன்பதாம் மாதம் வரை எங்கள் தெருவில் நான்கு வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு மேல் ஏறவே இல்லை. மூன்றாவது வேண்டாம் என்று அவள் சொன்னதை வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆண் பிள்ளை வேண்டும் என்றவர்களுக்கு ஒரு தண்டனையும் இல்லை, அவளுக்கு மட்டும் நெய் டப்பா இல்லை. குறைவாகப் பெற வைக்க வேண்டுமென்றால் அதற்குக் கருத்தடை இருக்கிறது, படிப்பு இருக்கிறது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு சாப்பாட்டைப் பிடுங்குவது எந்த வகைக் குடும்பக் கட்டுப்பாடு?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதே இடத்தைத் தொட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, இது மூன்றாவது என்று விடுப்பை மறுத்துவிட்டார்கள். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் ஒரு பகுதி என்று சொல்லி, விடுப்பைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அரசு ஊழியரால் அவ்வளவு தூரம் போக முடிந்தது. பாத்திரம் தேய்ப்பவள் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்?

நிறையப் பெறச் சொல்வது பற்றிக் கேட்டீர்கள். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் அப்போதைய தமிழக முதல்வர் ஸ்டாலினும் ஒரே மாதத்தில் அப்படிப் பேசினார்கள். முதியவர்கள் பெருகுகிறார்கள் என்பது அங்கே கவலை, மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறையில் நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்பது இங்கே கவலை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கே தண்டனையா என்ற கேள்வி நியாயமானது, நானும் அதைக் கேட்பேன். ஆனால் அதற்கான பதிலை டெல்லியில் பேசி வாங்க வேண்டும், பெண்களின் வயிற்றில் தேடக்கூடாது. அன்றைக்கு இரண்டோடு நிறுத்து என்றபோதும் அவளைக் கேட்கவில்லை, இன்றைக்குப் பெற்றுக்கொள் என்னும்போதும் கேட்கவில்லை. அதிலும் இப்படிப் பேசுகிற மாநிலத்திலேயே மூன்றாவது பிரசவத்துக்கு உதவி கிடையாது என்ற விதி இருக்கிறது. குறைந்தபட்சம் அதையாவது முதலில் எடுத்துவிட்டுப் பேசட்டும்.

உங்கள் செக்கிங் பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம் என்றீர்கள். ஈஎஸ்ஐயில் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது அவளுக்காகப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நாளைக் காலையிலேயே கணக்குப் பார்ப்பவரிடம் அவளுடைய இன்சூரன்ஸ் எண்ணைக் கேளுங்கள். இருந்தால் இந்த வாரமே அவளை ஈஎஸ்ஐ அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கூட ஒரு பெண்ணையும் அனுப்புங்கள், அங்கே வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். எண் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், என்ன செய்யலாம் என்று சேர்ந்தே பார்ப்போம். அதுவரை அவள் உட்கார்ந்து செக்கிங் பார்க்க ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா